மண்டிக் குடும்பமும் பனியன் கம்பெனியும் ஒரே கதையில்: மகாசங்கமம் செய்வது எப்படி?

கேள்வி: கோபியில் ஒரு மஞ்சள் மண்டிக் குடும்பத்தை வைத்து யூடியூபில் வாரத் தொடர் எடுக்கிறோம். திருப்பூர் நண்பர்கள் ஒரு பனியன் கம்பெனியை வைத்து இன்னொரு தொடர் எடுக்கிறார்கள். இரண்டும் 15 நிமிட எபிசோடுகள். டிவியில் வருகிற மாதிரி இரண்டையும் சேர்த்து மகாசங்கமம் செய்ய ஆசை. முடிந்தால் அதற்குப் பிறகும் இரண்டும் ஒரே உலகமாகவே ஓட வேண்டும். எங்கே தொடங்குவது, எங்கே சொதப்பும்?

பதில்:

நீங்கள் கேட்பது இரண்டு தனி வேலை. மகாசங்கமம் ஒரு வாரக் கூத்து. முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். ஒரே உலகம் அப்படி இல்லை. தொடர் முடிகிற வரை இரண்டு குழுவும் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரு கேரக்டரைச் சாகடிக்கக்கூட முடியாது. முதலாவதைச் செய்து பாருங்கள். கைகலப்பு இல்லாமல் முடிந்தால் இரண்டாவதைப் பற்றிப் பேசலாம்.

டிவி மகாசங்கமத்தை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். அது ஸ்லாட்டுக்காகப் பிறந்த வித்தை. ஒரே சேனலில் பெரும்பாலும் அடுத்தடுத்த அரை மணி நேரத்தில் ஓடும் இரண்டு தொடர்களை எடுத்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஒரு மணி நேரக் கதையாக ஓட்டுவார்கள். முதல் தொடரைப் பார்க்க உட்கார்ந்தவர் ரிமோட்டைத் தொடாமல் அடுத்ததிலும் இருப்பார். விஜய் டிவியில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ குடும்பமும் ‘பாக்கியலட்சுமி’ குடும்பமும் சந்தித்ததும், ‘பாரதி கண்ணம்மா’வோடு ‘ராஜா ராணி 2’ சேர்ந்ததும் இந்தக் கணக்கில்தான். இந்தியில் சோனி டிவி 2012இல் ‘சிஐடி’யையும் ‘அதாலத்’தையும் மோதவிட்டது: ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் வக்கீல். ஒரே வழக்கில் இரண்டு பேருக்கும் வேலை இருந்ததால் அந்த ஜோடி பொருந்தியது.

யூடியூபில் அடுத்த ஸ்லாட் என்று ஒன்று கிடையாது. உங்கள் எபிசோட் முடிந்ததும் பார்வையாளருக்கு முன்னால் வேறு பத்து வீடியோ வந்து நிற்கும். அதனால் ‘மீதியை அந்தச் சேனலில் பாருங்கள்’ என்று பாதிக் கதையைத் தொங்கவிடுவது ஆபத்து. அமெரிக்காவில் என்பிசி சேனல் 1996, 1997, 1999 என மூன்று முறை ‘லா அண்ட் ஆர்டர்’, ‘ஹோமிசைட்’ என்ற இரண்டு போலீஸ் தொடர்களைச் சேர்த்தது. கதை முன்னதன் நியூயார்க்கில் தொடங்கி, பின்னதன் பால்டிமோரில் முடியும். முதல் ஒளிபரப்பில் பிரச்சினையில்லை. ஆனால் பிற்பாடு ‘லா அண்ட் ஆர்டர்’ மட்டும் மறு ஒளிபரப்பில் ஓடும்போது, வழக்கு பாதியில் அறுந்து நின்றது. யூடியூபில் எல்லாமே மறு ஒளிபரப்புதான். இன்றைக்குப் போடுவதை மூன்று வருஷம் கழித்து ஒருவர் நடுவிலிருந்து பார்ப்பார்.

ஆகவே விதி இது: ஒரே சம்பவம், இரண்டு எபிசோட், ஒவ்வொன்றும் தன்னளவில் முழுசு. மண்டித் தொடரில் மண்டிக்காரரின் பிரச்சினை தொடங்கி அங்கேயே தீர வேண்டும். அதே சம்பவத்தால் பனியன் கம்பெனிக்கு என்ன ஆனது என்பதைத் திருப்பூர் எபிசோட் சொல்லட்டும். ஒன்றை மட்டும் பார்த்தவருக்குக் குறை தெரியக்கூடாது. இரண்டையும் பார்த்தவருக்கு, ‘அட, அந்த போன் இதுக்குத்தான் வந்ததா’ என்று ஒரு லாபம் இருக்க வேண்டும்.

அடுத்து இணைப்பு. இரண்டு குடும்பமும் எதனால் சந்திக்கின்றன? நம் ஊரில் எல்லாரும் உடனே எடுப்பது உறவுமுறை. அண்ணன் மகனைக் கட்டிக் கொடுத்துவிடலாம், பங்காளி என்று சொல்லிவிடலாம். வேகமான வழிதான். குன்னத்தூர் டீக்கடையில் இரண்டு பேர் சந்திக்கிற சீனுக்கு இவ்வளவு போதும்:

“ஏனுங்க, நீங்க நம்ம மண்டி சின்னச்சாமியண்ணனுக்குப் பங்காளிங்களா?”

“இல்லீங்க, நான் அவருக்கு மாப்பிள்ளை முறைங்க. எங்க அப்பாரு காலத்துலயே திருப்பூர் போயிட்டோம்.”

இரண்டே வரியில் முறை, ஊர், எப்போது பிரிந்தார்கள் என மூன்றும் வந்துவிட்டன. ஆனால் இதற்கு விலை உண்டு. ஒருமுறை உறவு என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு வருகிற ஒவ்வொரு காதுகுத்துக்கும் சீருக்கும் நோம்பிக்கும் ‘அவங்க ஏன் வரல?’ என்று கமென்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம். மாமன் வராத காதுகுத்து எந்த ஊரில் நடக்கிறது? திருப்பூர் நடிகருக்கு அன்றைக்கு கால்ஷீட் இல்லை என்பதெல்லாம் கதைக்குள் செல்லாது.

வெளிநாட்டில் இதை இடத்தால் கட்டினார்கள். ‘சிகாகோ ஃபயர்’ 2012இல் வந்தது. 2014இல் ‘சிகாகோ பி.டி.’, 2015இல் ‘சிகாகோ மெட்’. தீயணைப்புப் படை அடிபட்டவரை எடுத்து வருகிறது, ஆஸ்பத்திரி காப்பாற்றுகிறது, போலீஸ் விசாரிக்கிறது. மோலீஸ் என்ற மதுக்கடையில் மூன்று தொடர் ஆட்களும் உட்காருவார்கள். யாரும் யாருக்கும் மச்சானாக இருக்கத் தேவையில்லை. வேலை இருந்தால் வருவார், இல்லாவிட்டால் அவர் பேரே எடுக்கமாட்டார்கள். சின்னக் குழுவுக்கு இதுதான் தோது. கோபிக்கும் திருப்பூருக்கும் சுமார் 50 கிலோமீட்டர், நடுவில் குன்னத்தூர். அங்கே ஒரு டீக்கடை, ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், ஒரு ஃபைனான்ஸ் என ஏதாவது ஒன்றை இரண்டு தொடருக்கும் பொதுவாக வையுங்கள். என் வோட்டு ஃபைனான்ஸ்காரருக்கு. மண்டிக்கும் கடன் தேவை, கம்பெனிக்கும் கடன் தேவை. அவர் ஒருவர் இரண்டு தொடரிலும் மாதம் ஒருமுறை வந்து போனாலே இரண்டும் ஒரே ஊர்க் கதை ஆகிவிடும். நடிகரும் ஒருவர்தான், சம்பளமும் ஒன்றுதான்.

ஒற்றைக் கேரக்டரை வைத்து உலகம் கட்டலாம் என்பதற்கு ஜான் மன்ச் என்ற டிடெக்டிவைப் பாருங்கள். ரிச்சர்ட் பெல்சர் 1993இல் ‘ஹோமிசைட்’டில் அவராக நடிக்க ஆரம்பித்தார். 1999இல் அந்தத் தொடர் முடிந்ததும் அதே பெயர், அதே குணத்தோடு ‘லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ.’வுக்குக் குடிபோனார். இடையில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’, பிறகு ‘தி வயர்’ என்று வேறு தொடர்களிலும் அதே மன்ச்சாகத் தலைகாட்டினார். விருந்தாளியாகப் போன இடத்திலெல்லாம் அவர் கதையைத் தன் பக்கம் இழுக்கவில்லை. வந்தார், போனார். அந்த அடக்கம்தான் அவரை இத்தனை வீட்டுக்குள் விட்டது.

அப்படியும் உறவுதான் வேண்டும் என்றால், உடனே வந்து உடனே போகிற உறவாக எடுங்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அக்கா தங்கை நிற்கிற இணைச்சீர் நல்ல வாய்ப்பு. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் வந்து நிற்கலாம். திருப்பூர் தொடரின் நாயகி, கோபி மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகளாக வந்து அந்தச் சீரில் நிற்கட்டும். கதை ஏன் என்று கேட்காது, சடங்கே அவரைக் கூப்பிடுகிறது. அதற்கு முன் பழைய எபிசோடுகளைத் தோண்டி, ‘எனக்குச் சித்தப்பா பெரியப்பா யாருமே இல்லீங்க’ என்று மாப்பிள்ளை எப்போதாவது அழுதிருக்கிறாரா என்று பாருங்கள். அழுதிருப்பார்.

அழுதிருந்தால் மூடி மறைக்க வேண்டாம், வசனத்திலேயே கட்டிவிடலாம். ‘சியர்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடரில் ஃபிரேசியர் என்ற டாக்டர் தன் அப்பா செத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். 1993இல் அவருக்கே தனித் தொடர் வந்தபோது அப்பா உயிரோடு, ஓய்வுபெற்ற போலீஸாக வீட்டில் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 1995இல் பழைய தொடரின் சாம் விருந்தாளியாக வந்து, ‘உங்க அப்பா செத்துட்டார்னு சொன்னியே’ என்று நேராகவே கேட்கிறார். அப்போது அவரோடு சண்டை, அதனால் அப்படிச் சொன்னேன் என்கிறார் ஃபிரேசியர். ஓட்டை அடைபட்டது, சிரிப்பும் வந்தது. பங்காளிச் சண்டையில் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லை என்பது நம் பக்கம் யாரும் நம்ப மறுக்கிற விஷயமா என்ன?

அதிகமாகச் சொதப்புவது நாட்காட்டி. உங்கள் இரண்டு தொடருக்கும் இது குறிப்பாகப் பொருந்தும். மஞ்சள் அறுவடை தை, மாசியில். வேகவைத்த மஞ்சள் களத்தில் காயவே 10 முதல் 15 நாள் ஆகும், அதன்பிறகுதான் பாலிஷ், அதன்பிறகுதான் மண்டி. பனியன் கம்பெனிக் கதையில் உச்சம் தீபாவளி போனஸ், அது ஐப்பசி. மண்டித் தொடரில் களம் நிறைய மஞ்சள் காய்ந்துகொண்டிருக்க, அங்கிருந்து கிளம்பியவர் திருப்பூரில் போய் இறங்கும்போது போனஸ் பட்டுவாடா நடந்தால், விவசாயம் தெரிந்தவர் முதல் நிமிஷத்திலேயே சிரித்துவிடுவார். இரண்டு தொடரும் எந்தத் தமிழ் மாதத்தில் நிற்கின்றன என்று முதலில் எழுதிவையுங்கள். பொருந்தவில்லையென்றால் சங்கமத்துக்கு நான்கைந்து எபிசோட் முன்னாலிருந்தே ஒரு தொடரை மெதுவாக நகர்த்திக் கொண்டுவர வேண்டும். ‘மூன்று மாதங்களுக்குப் பிறகு’ என்று கார்டு போட்டுத் தாண்டலாம். ஆனால் அந்த மூன்று மாதத்தில் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் வயிற்றைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் போடுங்கள். பெரிய ஆவணமெல்லாம் வேண்டாம், 80 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு கேரக்டருக்கும் வயசு, ஊர், யார் யாரை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார், என்ன வண்டி ஓட்டுகிறார், யார் செத்தாயிற்று. முறை விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு எபிசோடில் ‘நங்கை’ என்றவர் அடுத்ததில் ‘அண்ணி’ என்றால் எழுதியவர் மாறிவிட்டார் என்று தெரிந்துவிடும். அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்றும் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்றும் கூப்பிடுகிற வீட்டில் திடீரென்று ‘தாத்தா’ நுழையக்கூடாது. அதே சமயம் திருப்பூர் கம்பெனிக்குள் எல்லாரையும் கொங்குத் தமிழ் பேசவைக்காதீர்கள். அங்கே தைக்கிறவர்களில் மதுரைக்காரர், நெல்லைக்காரர், வடமாநிலத்தவர் எல்லாரும் உண்டு. மண்டிக்காரர் அந்த வாசலில் நுழைந்ததும் காதுக்கு வேறு ஊர் கேட்பதுதான் சங்கமத்தின் ருசியே.

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் தனியாகக் கோடு போட்டு எழுத வேண்டியது: யாருக்கு எந்த ரகசியம் தெரியும். மேலே ரகசியங்கள், பக்கவாட்டில் கேரக்டர்கள், தெரிந்தால் டிக். நம் தொடர்கள் ரகசியத்தில்தான் ஓடுகின்றன. மண்டித் தொடரில் மூத்த மகன் நிலத்தை அடகு வைத்தது அவன் மனைவிக்கு மட்டும் தெரியும் என்று வையுங்கள். சங்கமத்தில் ஃபைனான்ஸ்காரர் கல்யாண மண்டபத்துக்கு வந்தால், அவருக்கும் தெரியும். அவர் பந்தியில் யார் பக்கத்தில் உட்கார்கிறார் என்பதே சஸ்பென்ஸ். கவனிக்காமல் எழுதினால், அவர் மண்டிக்காரர் எதிரிலேயே உட்கார்ந்து ரசத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் போவார். பார்க்கிறவர், ‘ஏன் சொல்லல?’ என்று கேட்பார். பதில் இருக்காது.

ஷூட்டிங்கில் தலைவலி கூட்டம். இரண்டு குடும்பத்தையும் ஒரே ஹாலில் நிறுத்தி ஒருவர் உண்மையைப் போட்டு உடைக்கிற சீனைத்தான் எல்லாரும் முதலில் எழுதுவார்கள். 16 பேர் நிற்கிறார்கள். ஆளுக்கு 2 வினாடி ரியாக்‌ஷன் வைத்தாலும் ஒரு வசனத்துக்கு 32 வினாடி. பத்து வசனத்துக்கு 5 நிமிடம் 20 வினாடி. உங்கள் எபிசோடே 15 நிமிடம். டிவிக்காரர்களுக்கு நேரத்தை நிரப்ப வேண்டிய கட்டாயம், உங்களுக்கு அது இல்லை. கூட்டத்தை ஒரே ஒரு வைட் ஷாட்டில் காட்டிவிட்டு, சண்டையை நாலு பேரோடு சமையல்கட்டுக்கோ பின்கட்டுக்கோ தள்ளிக்கொண்டு போங்கள். மீதி 12 பேரை மத்தியானச் சாப்பாட்டோடு அனுப்பிவிடலாம்.

எல்லாரையும் ஒரே நாளில் கூட்ட முடியவில்லையா? நேரில் சந்திக்காமலும் சங்கமம் நடக்கும். அமெரிக்காவின் ‘பஃபி’ தொடரும் அதிலிருந்து பிரிந்த ‘ஏஞ்சல்’ தொடரும் 2001இல் வெவ்வேறு சேனலில் ஓட ஆரம்பித்தன. ஒருவர் தொடரில் இன்னொருவர் முன்போலத் தலைகாட்ட முடியாத நிலை. நாயகனும் நாயகியும் வழியில் எங்கோ சந்தித்ததாக இரண்டு தொடரிலும் சொன்னார்கள். கிளம்புவதைக் காட்டினார்கள், திரும்புவதைக் காட்டினார்கள், சந்திப்பை மட்டும் காட்டவில்லை. உங்களுக்கும் ஒரு போன் காலின் இரண்டு முனையை இரண்டு ஊரில் தனித்தனியே எடுத்தால் போதும். வசனப் பேப்பர் மட்டும் இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். மழைச் சத்தம், கோயில் ஸ்பீக்கர் மாதிரி பின்னணி ஒலிகளையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

டெக்னிக்கலாக மூன்று விஷயம் ஒத்துப்போகாவிட்டால் எடிட்டர் அழுவார். இரண்டு குழுவும் வினாடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டர் 1/50இல் எடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கம்பெனிக்குள் டியூப்லைட் சிமிட்டாமல் இருக்கும். ஒருவர் 30இல், இன்னொருவர் 24இல் எடுத்துக் கலந்தால் நடக்கிற காட்சி துள்ளும். ஒலி இரண்டு பக்கமும் 48 கிலோஹெர்ட்ஸ். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். மஞ்சள் குவியலுக்கு முன்னால் ஆட்டோ கேமரா குழம்பி மனுஷன் முகத்தை நீலமாக்கிவிடும்.

விருந்தாளிக் கேரக்டருக்கு என்ன வேலை? அடுத்தவர் வீட்டுக்குப் போகிறவர் அங்கே ஒரு விஷயத்தையாவது மாற்றிவிட்டு வர வேண்டும், ஆனால் வீட்டுக்காரரை முட்டாளாக்கக்கூடாது. உங்கள் தொடரில் கம்பீரமான மண்டிக்காரர், திருப்பூர் எபிசோடில் லிஃப்டில் ஏறத் தெரியாத பட்டிக்காட்டாராக வந்தால் உங்கள் பார்வையாளர்கள் அன்றைக்கே கிளம்பிவிடுவார்கள். அவரவர் கேரக்டரின் வசனத்தை அவரவர் எழுத்தாளரே எழுதுவது என்று வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் வராது.

சங்கமம் முடிந்த அடுத்த எபிசோடை யாரும் யோசிப்பதில்லை. ‘பாக்கியலட்சுமி’ வங்காள ‘ஸ்ரீமோயி’யின் தழுவல், ‘பாரதி கண்ணம்மா’ மலையாளக் ‘கருத்தமுத்து’வின் தழுவல். இவை இன்னொரு தொடரோடு சேரும் வாரத்துக்கு மூலக் கதையில் பார்த்து எழுத எதுவும் இல்லை. புதுசாக ஒரு டிராக் எழுதி, முடிந்ததும் பழைய தண்டவாளத்துக்குத் திரும்ப வேண்டும். அதனால் பொதுவாக மகாசங்கமத்தில் நடந்தது எதுவும் பிறகு பேச்சில்கூட வராது. உங்கள் கதை உங்களுடையது, அந்தக் கட்டாயம் இல்லை. சங்கமத்தில் ஒரு சின்ன, கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தை விட்டுவையுங்கள். மண்டிக் கணக்குப்பிள்ளை அதன்பின் திருப்பூர் கம்பெனி பனியனோடு திரிந்தாலே போதும்.

பேப்பர் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், நண்பர்கள்தானே என்று விட்டால் வியூஸ் வந்த பிறகுதான் சண்டை வரும். கேரக்டரை விற்காதீர்கள், பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி இது எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு நிற்காது. கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். துபாயிலும் சிங்கப்பூரிலும் பார்ப்பார்கள் என்பதால் ‘உலகம் முழுவதும்’ என்று ஒரு வார்த்தை சேருங்கள். கேரக்டரைச் சாகடிக்க, கல்யாணம் செய்துவைக்க, சிறைக்கு அனுப்ப, நடிகரை மாற்ற என இந்த நான்குக்கும் சொந்தக் குழுவின் சம்மதம் வேண்டும் என்று எழுதுங்கள். நடிகர் மாற்றம் லேசான விஷயமில்லை. 2021இல் ‘பாரதி கண்ணம்மா’வில் கண்ணம்மாவாக ரோஷினி ஹரிப்ரியனுக்குப் பதில் வினுஷா தேவி வந்தார். டிவியில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு போட்டால் ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பொது உலகத்தில் அந்தக் கார்டு இரண்டு சேனலிலும் ஒரே வாரம் வர வேண்டும்.

டைட்டில் இசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இசையமைப்பாளர் அந்தப் பாட்டை ஏதாவது டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஏற்றியிருந்தால், அதே இசை திருப்பூர் சேனலில் ஒலிக்கும்போது யூடியூபின் காப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐடி பிடித்து வருமானத்தை இசையமைப்பாளர் பக்கம் திருப்பிவிடலாம். வீடியோ போடுவதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் அந்தச் சேனலுக்கு விலக்கு வாங்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் போடுகிற முறை. ஒரே நாள் ஒரே நேரத்தில் இரண்டையும் போட்டால் ஒன்றையொன்று தின்னும். சனிக்கிழமை மண்டி, ஞாயிற்றுக்கிழமை பனியன் என்று ஒரு நாள் இடைவெளி விடுங்கள். வீடியோவின் கடைசி 20 வினாடி வரை எண்ட் ஸ்கிரீன் வைக்கலாம், அதில் அடுத்த சேனலின் வீடியோவையும் இணைக்கலாம். அந்த 20 வினாடியைக் கணக்கில் வைத்துக் காட்சியின் வலது பக்கத்தைக் காலியாக விட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கட்டம் வந்து நாயகி முகத்தில் உட்காரும். சனிக்கிழமை வீடியோ போடும்போது ஞாயிற்றுக்கிழமை வீடியோ இன்னும் வெளியாகியிருக்காது. ஞாயிறு இரவு மறக்காமல் திரும்பப் போய் இணைப்பை மாற்றுங்கள். இரண்டு எபிசோடையும் வரிசையாக வைத்து ஒரு பிளேலிஸ்ட்டை இரண்டு சேனலிலும் போட்டுவிடுங்கள், பிறகு வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.